ரோமாபுரியும் கெலிஓயாவும்

கெலிஓயா
12 ஆகஸ்ட் 1933

தம்பி முஹைதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் இல்லாமலே தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பிறகு, உன்மேல் உள்ள கோபத்துக்கு ஸலாம் என்ன பாவம் செய்தது என்று எழுதிவிட்டேன். அதற்கு மேல் சுகம் விசாரிக்க மாட்டேன். சுகமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இங்கிலீஷ் பத்திரிகையில் அவ்வளவு நீளம் எழுத முடியுமா?

நேற்று ஜும்ஆ கழிந்ததும் என் மகன் மஹ்மூத் தபால் கந்தோர் வரதராசாவை வீட்டுக்குக் கூட்டி வந்தான். கையில் பத்திரிகை. நான் திரைக்கு இந்தப் பக்கம் கதிரையில் இருந்தேன்.

"அம்மா, இது உங்கட தம்பி எழுதினது. கீழை அவற்றை பேர் கிடக்கு" என்றார்.

"வாசியுங்க."

"இங்கிலீசிலை எல்லோ கிடக்கு."

"அது தெரியும். நீங்க தமிழ்ல வாசியுங்க."

பாவம், யாழ்ப்பாணத்து மனிதர், நல்ல மனிதர். வரிக்கு வரி இருமிக்கொண்டு வாசித்தார். கண்டிப் பகுதி முஸ்லிம் குடும்பங்களுக்கு என்ன கேடு வந்தது என்று சொல்லிக்கொண்டே வருகிறாய். நடுவில் என் வீடு வருகிறது. "கெலிஓயாப் பக்கத்தில் பழைய குடும்பம் ஒன்று. அங்கே நபி பிறந்த மௌலூது நாளில் சட்டம் படித்தவனையும் மாட்டுவண்டி ஓட்டுகிறவனையும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார வைத்து, அதுவே பெருமை என்று நினைக்கிறார்கள்." மௌலூது நாளில் கோர்ட்டில் வழக்குப் பேசும் புரொக்டர் தம்பியின் கார் வந்து நின்ற வீடு கெலிஓயாவில் எத்தனை இருக்கிறது, தம்பி?

தலைப்பில் பெரிய எழுத்தில் ஒரு சொல் இருந்தது. டெக்கடன்ஸ்.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"அது... கொஞ்சம் பழுதாப் போறது மாதிரி, அம்மா."

"பழம் பழுதாப் போறது மாதிரியா, பாலம் பழுதாப் போறது மாதிரியா?"

"நான் தபால்காரன், அம்மா. முத்திரை குத்தத் தெரியும். உதை ஏன் என்னட்டைக் கேக்கிறியள்? எழுதினவரையே கேளுங்கோவன்" என்று சொல்லிவிட்டு, சூடான தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகையால் எழுதினவனைக் கேட்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குள் இந்தச் சொல் வரவில்லை. அது என்ன சொல், எங்கிருந்து வந்தது, என் வீட்டுக்கு ஏன் வந்தது?

அன்றைக்கு என்ன நடந்தது என்பதையும் நீ எழுதியிருக்கலாம். நீ தட்டு என்று எழுதினாயே, அந்தச் சஹன் ஒன்றுக்கு நம் வீட்டில் ஆறு பேர். ஆறு பேரும் சுற்றி உட்காராமல் மூடியைத் திறக்க மாட்டோம். நீ பிந்தி வந்தாய், கொழும்பு மர்சூக் ஹாஜியாரையும் கூட்டிக்கொண்டு. ஒரு சஹனில் நாலு பேர் இரண்டு பேருக்காகக் காத்திருந்தார்கள். அந்த நாலில் ஒருவர் வண்டிக்கார ஹுஸைன். நீ ஒரு பிடி வாயில் வைத்தாய், எழும்பிவிட்டாய். சஹனில் ஒருவர் எழும்பினால் மற்றவர்களும் கையை எடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாதா? வாப்பா காலத்திலிருந்து தெரியும். ஐந்து பேர் பசியோடு எழும்பினார்கள். மர்சூக் ஹாஜியார் வாயில் போட்ட இறைச்சியை மென்று முடிக்கவில்லை. பாவம், அவருக்குப் பிடித்திருந்தது. நெய்ச்சோறு மலை மாதிரி அப்படியே அடுப்படிக்குத் திரும்பி வந்தது. அதை உன் பத்திரிகையில் காணோம்.

இன்னொன்று. நோன்புப் பெருநாள் கழித்து என் மகள் ஹிதாயாவுக்கும் உன் மகன் ஷிராஸுக்கும் நிக்காஹ் என்று பேசி வைத்திருக்கிறோம். பழுதான வீட்டிலிருந்து பெண் எடுக்கலாமா என்று அந்தப் பத்திரிகையில் எழுதியிருக்கிறதா? வரதராசா அந்த இடம் வருவதற்குள் போய்விட்டார்.

ருக்கியா


அம்பிட்டிய
19 ஆகஸ்ட் 1933

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

வஅலைக்கும் ஸலாம். தங்கள் கடிதம் கிடைத்தது. அதிலுள்ள சுடுசொற்களை ஒதுக்கிவிட்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

டெக்கடன்ஸ் இங்கிலீஷில் பிறந்த சொல் அல்ல. இங்கிலீஷ்காரர் அதைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து எடுத்தார்கள். பிரெஞ்சுக்காரருக்கு அது பழைய லத்தீன் பாஷையிலிருந்து வந்தது. லத்தீனில் 'காதெரே' என்றால் விழுதல். முன்னால் வரும் 'டே' கீழ்நோக்கி என்று காட்டும். உயரத்தில் இருந்த ஒன்று அந்த உயரத்தை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருப்பதுதான் அதன் பொருள். விழுந்து முடிந்துவிட்டது என்பதல்ல, விழுந்துகொண்டிருக்கிறது. உயரத்தில் இருந்திராத ஒன்றுக்கு இந்தச் சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதையும் தாங்கள் கவனிக்க வேண்டும். சரித்திரக்காரர்கள் ரோமாபுரி ராச்சியத்தின் கடைசிக் காலத்தைக் குறிக்க இதை வழங்குவார்கள். அந்த ராச்சியம் எதிரியின் படையால் மட்டும் விழவில்லை, அதற்கு முன்பே பழக்கவழக்கத்தில் விழத் தொடங்கிவிட்டது என்பது அவர்களில் பலருடைய கருத்து.

இதே வேரிலிருந்து வேறு சொற்களும் உண்டு. பல் சொத்தையாவதற்குச் சொல்லும் 'டிக்கே', எதிர்பாராமல் நேரும் விபத்தைச் சொல்லும் 'ஆக்ஸிடென்ட்', அருவியைச் சொல்லும் 'காஸ்கேட்' எல்லாம் இதன் உறவினர். சென்ற நூற்றாண்டில் பிரான்சில் சில கவிஞர்கள் இந்தப் பெயரைத் தங்களுக்கே பெருமையாகச் சூட்டிக்கொண்டார்கள். ஆகவே இது வசவு அல்ல.

நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை. தாங்களே தபால் கந்தோர் ஆளைக் கூப்பிட்டு, சத்தமாக வாசிக்கச் சொல்லி, ஊருக்கு அடையாளம் காட்டியிருக்கிறீர்கள். அந்தக் கட்டுரையில் சஹனைப் பற்றி ஒரு வரிதான். மீதி எல்லாம் நம் பெண்பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவதைப் பற்றி, பையன்களைக் கடைப்பலகையில் உட்கார வைத்துவிட்டு அதையே படிப்பு என்பதைப் பற்றி. அதை வரதராசா வாசித்தாரா? ஹிதாயாவும் ஐந்தாம் வகுப்போடுதானே நின்றாள்?

திருமண விஷயம் வேறு. அதைப் பின்னர் பேசலாம்.

இப்படிக்கு,
மு. முஹைதீன்


கெலிஓயா
24 ஆகஸ்ட் 1933

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஊர் சுற்றலா? லத்தீனில் பிறந்து, பிரான்சில் வளர்ந்து, இங்கிலாந்தில் உத்தியோகம் பார்த்துவிட்டு, கடைசியில் கெலிஓயாவில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கியிருக்கிறது. கப்பலில் வந்த விருந்தாளி. ஒரு பாய் விரித்து உட்கார வைக்க வேண்டியதுதான்.

சொத்தைப் பல் அதற்குச் சொந்தக்காரன் என்று நீயே எழுதியிருக்கிறாய். அடுத்த வரியில் வசவு அல்ல என்கிறாய். நாளைக்குக் கோர்ட்டில் நீதிவானைப் பார்த்து, "ஐயா, உங்கள் வீடு சொத்தைப் பல்" என்று சொல். அவர் கண் சிவந்தால், "கோபிக்க வேண்டாம், லத்தீன்" என்று சொல். திரும்பி வீட்டுக்கு வந்தால் எனக்கு எழுது. அருவியும் அதே குடும்பம் என்றால் அந்தச் சொல்லைத் தலைப்பில் போட்டிருக்கலாமே? ஏன் அருவி உனக்கு அகப்படவில்லை?

பிரான்சுக் கவிஞர்கள் தாங்களே சூட்டிக்கொண்டார்கள் என்றாய். தன் தலையில் தான் வைத்துக்கொண்டால் அது தொப்பி. அடுத்தவள் தலையில் கொண்டுவந்து வைத்தால் அது சுமை.

உயரத்தில் இருந்ததுதான் விழும், ஆகையால் அது மரியாதை என்று நீ எழுதியதை வாசித்து நான் கொஞ்சம் யோசித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். யோசித்துவிட்டுப் பார்த்தால், நம் வீட்டில் உயரத்தில் ஏறிப் போனது நீ ஒருவன்தான். அம்பிட்டியவில் மலைமேல் பங்களா. நான் பிறந்த இடத்திலேயே இருக்கிறேன். தரையில் இருக்கிறவள் எங்கே விழுவது?

பெண்பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நீ எழுதியது சரி. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதை நீயா எழுதுவது? உம்மா மௌத்தாகி நம்மை விட்டுப் போன வருஷம் வீட்டில் சமைக்க ஆள் வேண்டும் என்று வாப்பா சொன்னார். நீ சோறு கேட்டு அழுதாய். நான் சிலேட்டை உன்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். சொல்லிக் காட்டுகிறாள் என்று நினைப்பாய். ஆமாம், சொல்லித்தான் காட்டுகிறேன். அந்தச் சிலேட்டில் நீ லத்தீன் வரை போய்விட்டாய், நல்லது. ஹிதாயாவை நான் நிறுத்தியது பிழைதான். அந்தப் பிழையை எடுத்துக் காட்ட உலகத்தில் உரிமை இல்லாத ஒருவன் இருந்தால் அது நீ.

திருமண விஷயம் வேறு என்று எழுதியிருக்கிறாய். வேறு அல்ல. மர்சூக் ஹாஜியாருக்கு ஒரு மகள் இருக்கிறாள், கொழும்பில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தவள், பியானோ வாசிப்பாள் என்று கண்டிக்குப் புடவை வாங்கப் போன பெண்கள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மௌலூதுக் கந்தூரிச் சோறு தின்ன ஒரு மனிதர் கொழும்பிலிருந்து ரயில் ஏறி வருவாரா?

ஹிதாயாவுக்கு இருபது வயது. அவள் பிறந்த நாற்பதாம் நாள், தலைமுடி இறக்கியபோது, "இவள் என் மகனுக்கு" என்று உன் வாயால் சொன்னாய். அந்த ஒரு சொல்லுக்காக, கேட்டு வந்த இரண்டு வீட்டை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பின்னர் பேசலாம் என்பதெல்லாம் கோர்ட்டில் தவணை கேட்கும் பேச்சு. ஆமா, இல்லையா? ஒரு சொல்லில் எழுது. தமிழில் எழுது.

ருக்கியா


அம்பிட்டிய
6 செப்டம்பர் 1933

சகோதரிக்கு,

கேட்டபடி ஒரு சொல்லில், தமிழில் எழுதுகிறேன். இல்லை.

காரணம் கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதால் அதையும் எழுதுகிறேன். ஷிராஸுக்குப் படித்த பெண் வேண்டும். நாளைக்கு அவன் என் இடத்தில் உட்காரப் போகிறவன். அவனோடு நாலு பேர் முன்னால் வந்து உட்கார்ந்து பேசக்கூடிய மனைவி வேண்டும். நம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மச்சானும் மச்சியும்தான் கல்யாணம் செய்கிறார்கள். அதே வீடுகள், அதே முகங்கள், அதே பேச்சு. கதவு சாத்திய அறையில் விளக்கு எரிந்தால் என்ன ஆகும்? கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். நான் எழுதிய சொல்லின் பொருள் இதுதான். தாங்கள் அதை வசவாக எடுத்துக்கொள்வதால் அது பொய்யாகிவிடாது.

அன்றைக்கு நடந்ததைப் பற்றியும் பேசிவிடுவோம். பக்கத்துச் சஹனிலும் இரண்டு இடம் இருந்தது. அங்கே பள்ளிவாசல் கதீபும் பெரியவர்களும் இருந்தார்கள். நான் பார்த்தேன். மஹ்மூத் எங்களை அந்தப் பக்கம்தான் கூட்டிக்கொண்டு போனான். பிறகு திரைப்பக்கம் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு எங்களை ஹுஸைன் பக்கம் திருப்பினான். திரைக்குப் பின்னால் யார் இருந்தது? மர்சூக் ஹாஜியார் முன்னால் என்னைச் சிறுமைப்படுத்தச் செய்த வேலை அது. ஆகவேதான் எழும்பினேன். ஹுஸைன் மேல் எனக்கு ஒன்றுமில்லை.

எல்லோரும் சமம் என்பது தங்கள் பெருமை. நல்ல பெருமை. அது சஹனைச் சுற்றி மட்டுமா, அல்லது எழும்பிக் கை கழுவிய பிறகும் உண்டா? ஹுஸைனுடைய மகன் பரீட்சை பாஸ் செய்து என் கந்தோரில் கிளாக்கராக இருக்கிறான். ஒழுக்கமான பையன், தொழுகை விடாதவன். ஹிதாயாவை அவனுக்குக் கொடுக்கத் தங்களுக்குச் சம்மதமா? நானே முன்னின்று நடத்தித் தருகிறேன். ஒரு சொல்லில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.

மு. முஹைதீன்


கெலிஓயா
9 செப்டம்பர் 1933

முஹைதீன்,

ஸலாம் எழுதியதாக வைத்துக்கொள்.

ஆமாம், தெரிந்துதான் உட்கார வைத்தேன். கார்க் கதவு திறந்து மர்சூக் ஹாஜியார் இறங்கியதுமே இந்த மனிதர் எதற்கு வருகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. என் மகளுக்குப் பேசி வைத்த மாப்பிள்ளையை என் வீட்டு விருந்தில் வைத்தே விலை பேசப் பார்த்தாய். நம் ஆட்கள் எப்படி உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கொழும்பு மனிதர் முழுதாகப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மஹ்மூத்துக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் பார்த்தார், ஹுஸைனோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு சந்தோஷமாகத்தான் சாப்பிட்டார். எழும்பியது நீ.

உன் கேள்விக்குப் பதில்: முடியாது.

ஏன் என்று கேட்காதே. கேட்டால் என்னிடம் பதில் இல்லை, அதுவும் உனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டாய். கதிரையில் சாய்ந்து சிரித்துக்கொள். ஐந்தாம் வகுப்புக்காரியை மடக்குவதற்கு இத்தனை வருஷம் சட்டம் படித்திருக்கிறாய்.

நீ இல்லை என்று எழுதியதை ஊருக்கு நான் சொல்லப் போவதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. பத்திரிகையை வாசிக்காதவனும் வாசித்தவனைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். பால்காரனுக்குக்கூட இப்போது அந்தச் சொல் தெரியும். போன வாரம் அவன் பசு கறவை குறைந்ததற்கு, "உம்மா, அதுக்கும் டெக்கடன்ஸ்" என்கிறான். துடைப்பத்தை எடுத்தேன்.

நான் தொழப் போன நேரத்தில் ஹிதாயா உன் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டாள். ஒளித்து வைக்காதது என் பிழை. அழுவாள் என்று நினைத்தேன். மடித்து மேசையில் வைத்துவிட்டு, "உம்மா, இதுல ஷிராஸ் மச்சான் எங்க ஈக்கி?" என்று கேட்டாள். நான் விளங்காமல் பார்த்தேன். "மாமாட படிப்பு ஈக்கி, மாமாட கோவம் ஈக்கி, வண்டிக்காரர்ட மகனும் ஈக்கி. மச்சான் என்ன சொல்றாருன்னு ஒரு வரியும் இல்லயே" என்றாள்.

பெருநாளைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம். வட்டிலப்பமும் அனுப்ப மாட்டேன். மலைமேல் இருக்கிறவர்களுக்கு அது இறங்காது.

ருக்கியா


அம்பிட்டிய
22 ஜனவரி 1934

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பும் பெருநாளும் போய்விட்டன. வட்டிலப்பம் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல் என்று இதை எழுதுகிறேன். ஷிராஸுக்கு அவர் மகளைக் கேட்டு எழுதியதற்கு, பெருநாளுக்கு மறுநாள் மர்சூக் ஹாஜியாரிடமிருந்து பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். என் கட்டுரையை அவர் வெட்டி வைத்திருக்கிறார். அதில் வரும் கெலிஓயா வீடு என் உடன்பிறந்தவளின் வீடு என்பது அவருக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். "உங்கள் குடும்பம் விழுந்துகொண்டிருக்கிறது என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறீர்கள். விழுகிற வீட்டுக்குள் மகளை அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார். நான் விளக்கம் எழுதினேன். அது பொதுவான சொல், சரித்திரக்காரர்களின் சொல் என்று எழுதினேன். லத்தீனும் எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

கட்டுரையில் நான் எழுதியவை சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தச் சொல்லையும் திரும்பப் பெறவில்லை. இது மன்னிப்புக் கேட்கும் கடிதம் அல்ல. அப்படி வாசித்துவிட வேண்டாம்.

ஆனால் ஷிராஸுக்கும் ஹிதாயாவுக்கும் பேசிய பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நினைக்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் நிக்காஹை வைத்துக்கொள்ளலாம். ஹிதாயாவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க இங்கே ஓர் ஆசிரியையை ஏற்பாடு செய்கிறேன். உங்கள் சம்மதத்தை எழுதுங்கள்.

முஹைதீன்


கெலிஓயா
27 ஜனவரி 1934

தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

சிரித்தேன். மறைக்க மாட்டேன். அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையோடு சிரித்தேன். அந்த மனிதருக்கு லத்தீனும் எழுதினாயாமே! அதை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. விழுகிற வீடு என்று அவர் சொன்னது என் வீடும்தானே. நெய்ச்சோறு சாப்பிட்ட வாயால் சொல்லியிருக்கிறார். அவரையும் உன்னையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்ட வேண்டும்.

கொழும்பு வேண்டாம் என்று தள்ளிய பிறகு கெலிஓயா ஞாபகம் வந்திருக்கிறது. சந்தை கலைந்த பிறகு மிஞ்சிய கீரையைக் கேட்கிற மாதிரி. அதிலும் இங்கிலீஷ் கற்றுக்கொடுத்துத் துப்புரவாக்கி எடுக்கிறேன் என்கிறாய்.

முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. உண்மையை எழுதுகிறேன், நீ அதற்கும் ஒரு சொல் வைத்திருப்பாய். உன் கட்டுரை வந்த நாளிலிருந்து இந்த வீட்டுப் படி ஏறி யாரும் பெண் கேட்டு வரவில்லை. கம்பளையிலிருந்து வர இருந்தவர்கள் வரவில்லை. ஊரில் சிரிக்கிறார்கள் என்பதில்லை. சிரித்தால் நான் பார்த்துக்கொள்வேன். பாவம் பார்க்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஆகையால் எனக்குச் சம்மதம். உனக்காக அல்ல. ராத்தா தம்பி உறவுக்காகவும் அல்ல. என் மகள் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். ஷிராஸ் கெட்டவன் அல்ல. சின்ன வயதில் இங்கே வந்தால் மாமி, மாமி என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

ஆனால் ஹிதாயா ஒன்று சொல்கிறாள். இந்த ஆறு மாதத்தில் ஷிராஸ் மச்சான் ஒரு வரி எழுதவில்லை, ஒரு ஆள் மூலம் ஒரு சொல் சொல்லி அனுப்பவில்லை. கோபமா, விருப்பமா, வருத்தமா, ஒன்றும் தெரியாது. அவருக்கு விருப்பம் இருந்தால் அவரே ஒரு தரம் வந்து சொல்லட்டும் என்கிறாள். அவ்வளவுதான் கேட்கிறாள். நகை கேட்கவில்லை, பங்களா கேட்கவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. என் பிடிவாதம் இவளுக்கு எப்படி வந்ததோ.

இதை நீ அவனிடம் சொல்லாதே. நீ சொல்லி அவன் வந்தால் அது சேராது. எங்களுக்குச் சம்மதம் என்று மட்டும் சொல். மற்றதை அவனே செய்யட்டும்.

ருக்கியா


அம்பிட்டிய
31 ஜனவரி 1934

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சம்மதம் அறிந்து மகிழ்ச்சி. ஏசிய வரிகளை நான் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒருவனிடம் சொல்லாத நிபந்தனையை அவன் எப்படி நிறைவேற்றுவான்? எந்தக் கோர்ட்டிலும் இது நிற்காது. அவன் வருவான் என்று ஹிதாயா காத்திருப்பாள், அவள் காத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. இப்படியே ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விடும். ஷிராஸ் மரியாதை தெரிந்த பிள்ளை. இதுவரை என் பேச்சை மீறி ஒன்றும் செய்ததில்லை. இந்தக் காலத்தில் அப்படி ஒரு மகன் கிடைப்பது அபூர்வம்.

ஆகவே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை அனுப்புகிறேன். கார் கொடுக்கவில்லை, பஸ்ஸில் வருவான். தானாக வந்தது போலவே இருக்கும். என்ன பேச வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் ஒன்றும் தெரியாதது போல இருந்தால் போதும்.

முஹைதீன்


கெலிஓயா
5 பெப்ரவரி 1934

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் மகன் வந்தான். பஸ்ஸில்தான் வந்தான். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். உன் முந்திய கடிதத்தை நான் ஹிதாயாவிடம் காட்டவில்லை. ஒளித்து வைத்தேன். இந்தத் தடவை நன்றாக ஒளித்தேன். உன் பொய்யை நானும் காத்தேன் என்பதைத் தெரிந்துகொள்.

"மாமி, சுகமா ஈக்கிறீங்களா?"

"ஈக்கிறன் மகன். இரிங்க. என்ன இப்பிடி மெலிஞ்சி போன?"

சிரித்தான். அந்தச் சிரிப்பு சின்ன வயதில் இருந்த அதே சிரிப்பு. எனக்கு மனசு இளகிவிட்டது. பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, தொடங்கினான். நம் இரண்டு குடும்பங்களுக்கும் உள்ள உறவு பழைய உறவு, இடையில் ஏற்பட்ட மனஸ்தாபங்களைக் காலம் ஆற்றிவிடும், கல்வியும் நல்லொழுக்கமும் சேர்ந்த ஓர் இல்லறத்தை அமைக்க விரும்புகிறேன்... தொண்டை அவனுடையது. வாய் உன்னுடையது. நடுவில் ஒரு இடத்தில் மறந்துவிட்டான். நானே எடுத்துக் கொடுத்திருப்பேன், அவ்வளவு ஆசை எனக்கு.

முடித்ததும் திரைக்குப் பின்னாலிருந்து ஹிதாயா கூப்பிட்டாள்.

"மச்சான், ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க, மச்சி."

"வாப்பா அனுப்பாட்டியும் இண்டைக்கு வந்தீப்பீங்களா?"

ஆமா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பொய்யாகவே சொல்லியிருக்கலாம். நான் கண்ணால் கெஞ்சினேன். ஆனால் நீ அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்றே விளங்காமல், நல்ல பிள்ளையாக, "வாப்பா சொல்லாம எப்பிடி மச்சி வார?" என்றான்.

திரைக்குப் பின்னால் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றும் சத்தம் கேட்டது.

"சரி மச்சான். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அவன் சந்தோஷமாகத் தேத்தண்ணி குடித்தான். எல்லாம் சரியாக நடந்தது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருக்கிறான். வீட்டுக்கு வந்து அப்படித்தான் உன்னிடம் சொல்லியிருப்பான். அவனைத் திட்டாதே. நீ கொடுத்ததில் ஒன்றும் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தான்.

அவன் போனதும் உள்ளே போய் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். வீட்டுக்குள் பூட்டி வைக்கவா உன்னைப் பெற்றேன் என்றேன். இனி எவன் வருவான் என்றேன். இன்னும் சொன்னேன், எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்குச் சண்டை புடிக்கவாவது மாமா ஈக்கி, உம்மா. நீங்க ஒண்டு எழுதினா அவர் ஒண்டு எழுதுற. எனக்கு அந்த ஊட்டுல அதுக்கும் ஆள் ஈக்காது."

நிக்காஹ் இல்லை. இது அவள் சொன்ன சொல், நான் எழுதுகிறேன். அவள் அழவில்லை. பின்னேரம் மஹ்மூத்திடம், கண்டியில் பெரிய பெண்களுக்கும் படிப்பிக்கிற இடம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். விசாரி என்றேன்.

எனக்கு இனி எழுதாதே. எழுதினால் திறப்பேன். திறந்தால் பதில் எழுதாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஆகையால் எழுதாதே.

ருக்கியா